வேலை போனால் கூலி மட்டுமா போகிறது?

(எண்ணூரில் ஆலைத் தொழிலாளர்களும், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை.)



இன்று நாம் போனஸைப் பற்றிப் பேச வரவில்லை. பஞ்சப்படியைப் பற்றியும் பேச வரவில்லை. அவற்றைக் கேட் கேட்டாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், இனியும் பேசுவோம். இன்று பேச வந்திருப்பது வேலை போன மனிதனைப் பற்றி. அவன் மனசுக்கு என்ன நேருகிறது, அவன் வீட்டுக்கு என்ன நேருகிறது, அவனோடு கூட நின்றவர்களாகிய நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றி.

சந்தோஷம், நிம்மதி என்பதெல்லாம் பங்களாக்காரர்கள் பேசுகிற பேச்சு, கூலிக்காரனுக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பது தவறு. சோறு வேண்டும் என்று போராடுகிறவன், அந்தச் சோற்றை நிம்மதியாகத் தின்ன வேண்டும் என்றுதான் போராடுகிறான்.

ஒரு தோழரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். இந்தப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் 14 வருஷம் காண்டிராக்ட் கூலியாக வேலை பார்த்தவர். கேட் மீட்டிங் என்றால் மைக் செட்டுக்கு ஒயர் இழுப்பது முதல் கொடி கட்டுவது வரை அவர்தான். ஒரு நாள் காண்டிராக்டர் மாறினார். புதிய காண்டிராக்டரின் லிஸ்டில் இவர் பெயர் இல்லை. முதல் மாதம் தினமும் சங்க ஆபீசுக்கு வந்தார். இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒரு நாள் வந்தார். மூன்றாம் மாதம் வரவேயில்லை. தெருவில் நம்மைக் கண்டால் சந்தில் திரும்பிவிடுவார். சந்தா பாக்கி விழுந்தது. நாம் என்ன செய்தோம்? "வேறு கொடிப் பக்கம் போய்விட்டார் போலிருக்கிறது" என்று பேசிக்கொண்டோம். ரிஜிஸ்டரில் அவர் பெயர்மேல் கோடு கிழித்தோம்.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

சங்கு ஓய்ந்த பேட்டை

வடசென்னைக்காரர்களுக்கு ஆலைச் சங்கு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சங்கு ஊதினால் அடுப்பு எரியும், சங்கு ஊதினால் பிள்ளைகள் எழும்பும், சங்கு ஊதினால் டீக்கடையில் பாய்லர் கொதிக்கும். பெரம்பூர் பி அண்டு சி ஆலையைச் சுற்றிப் புளியந்தோப்பு, ஓட்டேரி, பட்டாளம் என்று எத்தனை பேட்டைகள் அந்தச் சங்கின் கணக்கில் வாழ்ந்தன! பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் 1920-ல் ஒன்றாக இணைக்கப்பட்டன. அதற்கு முன்பே, 1918 ஏப்ரல் 27-ந் தேதி, அந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும், திரு.வி.க.வும், செல்வபதி செட்டியாரும் அங்கே நின்று பேசினார்கள். 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. பட்டினி கிடந்தார்கள், துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்தார்கள். ஆனால் பேட்டை பேட்டையாகவே இருந்தது. ஏன்? வேலைநிறுத்தம் செய்கிறவன் பசித்தாலும் அவனுக்குக் காலையில் போக ஓர் இடம் உண்டு. நிற்க ஒரு வரிசை உண்டு. "நாளைக்கு உள்ளே போவோம்" என்ற நம்பிக்கை உண்டு.

1996-ல் ஆலை மூடப்பட்டது. 1921-ன் போலீஸாலும் சாதிக்க முடியாததை அந்தப் பூட்டு சாதித்தது. உலகப் புகழ் பெற்ற காக்கித் துணி நெய்த கைகள், அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்தன. தறி ஓடிய கொட்டகைகளில் சினிமா ஷூட்டிங் நடந்தது. பிறகு அந்த மண்ணிலேயே அடுக்குமாடி எழும்பியது. நிலத்துக்கு மறுபிறவி கிடைத்தது. தறிக்காரனுக்குக் கிடைக்கவில்லை.

எண்ணூருக்கும் அந்த அனுபவம் உண்டு. 450 மெகாவாட் திறன் கொண்ட நமது அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. நிரந்தரத் தொழிலாளிக்கு வேறு நிலையத்துக்கு மாற்றல் ஆர்டர் கிடைத்துவிடும். நிலக்கரி தள்ளியவனுக்கும், சாம்பல் அள்ளியவனுக்கும், கேட்டுக்கு வெளியே இட்லிக் கூடை வைத்திருந்த அம்மாளுக்கும் எந்த ஆர்டர்? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனி 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது; ஒரு சமயம் நேரடியாகவே சுமார் 8,000 பேர் அங்கே வேலை செய்தார்கள்; பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்த இளம் பெண்கள். 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. மறைமலைநகர் போர்டு கார் கம்பெனி 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. பழைய பஞ்சாலைதான் மூடும், புது மோஸ்தர் கம்பெனி மூடாது என்பதெல்லாம் வெறும் பேச்சு.

மரியென்தால் என்ற ஊர்

நம்முடைய தோழர் ஏன் சந்தில் திரும்பினார் என்பது நமக்கு அப்போது விளங்கவில்லை. விளங்க வைத்தது, கடல் கடந்த ஓர் ஊரின் கதை.

ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரத்துக்குப் பக்கத்தில் மரியென்தால் என்று ஒரு சின்ன ஊர். 478 குடும்பங்கள், ஏறத்தாழ 1,500 ஜனங்கள். ஊருக்கே ஒரே ஒரு துணி ஆலை. உலகமெங்கும் மந்தம் வந்த காலத்தில், 1929-30-ல், அந்த ஆலை மூடப்பட்டது. 1931-ன் கடைசியில் சில இளம் ஆராய்ச்சியாளர்கள் அந்த ஊருக்குப் போனார்கள். மரீ யஹோடா என்ற பெண்மணியும், லாஸார்ஸ்ஃபெல்டும், ஸைஸலும் அந்தக் குழுவின் தலைமை. யஹோடா சோஷலிஸ்ட் இயக்கத்தைச் சேர்ந்தவர். பிற்பாடு, 1936-ல், அதற்காகச் சிறை சென்றவர். அவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு மட்டும் போகவில்லை. துணிமணி சேகரித்துக் கொடுத்தார்கள். வைத்திய உதவி செய்தார்கள். தையல் வகுப்பு நடத்தினார்கள். அதோடு பார்த்ததையெல்லாம் எழுதினார்கள். 1933-ல் அது புத்தகமாக வந்தது.

அவர்கள் கண்டது என்ன? கேளுங்கள், தோழர்களே!

அந்த ஊரில் தொழிலாளர் நூலகம் ஒன்று இருந்தது. ஆலை ஓடியபோது அலுத்துக் களைத்து வந்தவர்கள்கூடப் புத்தகம் எடுத்துப் படித்தார்கள். ஆலை மூடிய பிறகு நாள் முழுவதும் ஓய்வு. கட்டணத்தையும் நூலகத்தார் எடுத்துவிட்டார்கள். புத்தகம் எடுப்பது கூடியிருக்க வேண்டும் அல்லவா? இரண்டே வருஷத்தில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது! தொழிலாளர் பத்திரிகைக்கு வேலையில்லாதவருக்கென்று விலை குறைத்தார்கள். அப்படியும் சந்தா சரிந்தது. நாடகக் குழு தூங்கியது. பூங்காவில் புல் மண்டியது.

தெருவில் ஜனங்கள் நடக்கிற வேகத்தைக்கூட அவர்கள் கவனித்துக் குறித்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள். பத்தடிக்கு ஒரு தரம் நின்றார்கள். கைக்கடிகாரம் கட்டிய ஆண் அபூர்வமானான். எதற்குக் கட்டுவது? எங்கே போக வேண்டும்? நேற்று என்ன செய்தாய் என்று கேட்டால், "எழுந்தேன், சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் சொல்ல அவர்களுக்கு நினைவில்லை. பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். ஏனென்றால், கூலி நின்றதே தவிர அவர்கள் வேலை நிற்கவில்லை. அடுப்பும், துவைப்பும், கிழிசல் தைப்பதும் முன்னைவிடக் கூடிவிட்டன.

பட்டினி கிடந்தால் ஜனங்கள் தாமாகவே பொங்கி எழுவார்கள் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மேடையிலும் அப்படிப் பேசியிருக்கிறோம். மரியென்தால் அதை மறுக்கிறது. நீண்ட நாள் வேலையில்லாமல் இருப்பவன் பொங்குவதில்லை, சுருங்குகிறான். ஆசையைக் குறைக்கிறான், பேச்சைக் குறைக்கிறான், பிறகு வாசலைத் தாண்டுவதையே குறைக்கிறான். நமது தோழர் கொடி மாறவில்லை. அவர் சுருங்கிக்கொண்டிருந்தார். நாம் அவரை மேலும் ஓரமாகத் தள்ளினோம்.

கூலியோடு சேர்ந்து போகிறவை

யஹோடா அம்மையார் பின்னாளில் இதை இன்னும் தெளிவாக விளக்கினார். வேலை மனிதனுக்குக் கூலியைத் தருகிறது. கூலியோடு கண்ணுக்குத் தெரியாத ஐந்தைத் தருகிறது என்றார். அவர் சொன்னதை நமது பாஷையில் சொல்லிப் பார்ப்போம்.

முதலாவது, பொழுது. ஷிப்டு இருப்பவனுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை உண்டு. வேலையில்லாதவனுக்கு ஏழு நாளும் ஒரே நாள்.

இரண்டாவது, சேர்க்கை. லேத்துக்குப் பக்கத்தில் நிற்பவன் உறவுக்காரன் அல்ல, ஜாதிக்காரன் அல்ல. அவனோடு டிபன் பாக்ஸைப் பங்கிட்டுக் கொள்கிறோம். வேலை போனால் அந்த உலகமே வீட்டுச் சுவருக்குள் சுருங்கிவிடுகிறது.

மூன்றாவது, பலரோடு கூடி ஒரு காரியம் செய்கிறோம் என்ற எண்ணம். அசோக் லேலண்டில் வேலை பார்த்தவர்கள் ரோட்டில் பஸ் போனால் பிள்ளைக்குக் காட்டி, "இது நாங்க செஞ்ச வண்டி" என்பார்கள். ஒரு பஸ்ஸை ஒருவன் செய்ய முடியாது. ஆனாலும் அந்த "நாங்க" என்பதில் அவனுக்குப் பங்கு உண்டு.

நான்காவது, மரியாதை. கல்யாண வீட்டில் "என்ன பண்றீங்க?" என்று ஒருவர் கேட்டால் பதில் வேண்டும். அந்தப் பதில் இல்லாததால்தான் வேலை போனவர் கல்யாணத்துக்கே போவதில்லை.

ஐந்தாவது, கை கால் அசைவு. நாள்தோறும் செய்தே தீர வேண்டிய ஒரு காரியம். உடம்புக்கும் அது மருந்து, மனசுக்கும் அது மருந்து.

இவையெல்லாம் முதலாளி போடும் பிச்சை அல்ல. சங்கில் கட்டிப் போடும் அதே ஆலைதான் நம்மைச் சேர்த்தும் வைக்கிறது. வேலை கொடுமையாக இருக்கலாம், கூலி குறைவாக இருக்கலாம், அதற்காகப் போராடுவோம். ஆனால் வேலையே இல்லாமற்போவது அதைவிடக் கொடுமை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். ஜெர்மனியில் 1984 முதல் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வருஷா வருஷம் சந்தித்து, "உங்கள் வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா?" என்று கேட்டு எழுதி வருகிறார்கள். 24,000-க்கு மேற்பட்டவர்களின் 15 வருஷக் கணக்கை ஆராய்ந்தவர்கள் 2004-ல் ஒரு முடிவைச் சொன்னார்கள். வேலை போனவர்களுடைய திருப்தி குறைந்தது. அது ஆச்சரியம் அல்ல. மறுபடி வேலை கிடைத்த பிறகும், சராசரியாகப் பார்த்தால், பழைய நிலைக்கு அது முழுசாகத் திரும்பவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. புண் ஆறிவிடுகிறது, வடு நின்றுவிடுகிறது. "வேறு வேலைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருக்கிறான்?" என்று கேட்கிறோமே, அதற்குப் பதில் இதில் இருக்கிறது.

வீட்டுக்குள்ளே

வேலை போன வீட்டில் முதலில் நிற்பது பால். அடுத்தது கறி மீன். அடுத்தது கேபிள். பிறகு காதிலுள்ளது அடகுக் கடைக்குப் போகிறது. பிறகு குழுக் கடன். வாரத் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கிறான். கணவன் உள்ளே இருந்துகொண்டே "இல்லை என்று சொல்" என்கிறான். ஒரு பெண்டாட்டி புருஷனை ஒளித்து வைக்க வேண்டிய அவமானம் எத்தகையது என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் அறிவார்கள்.

மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். அவள் கொண்டுவரும் பணத்தில்தான் வீடு ஓடுகிறது. அதற்காக அவளைக் கொண்டாட வேண்டிய புருஷன் அவள்மேல் எரிந்து விழுகிறான். சம்பாதிப்பவன்தான் ஆம்பளை என்று ஊர் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. சம்பாத்தியம் போனவுடன் ஆம்பளைத்தனமே போய்விட்டதாக அவன் நினைக்கிறான். அந்த ஆத்திரம் டாஸ்மாக் கடை வழியாக வீட்டுக்கு வந்து சேருகிறது. அடி வாங்குவது அவள். படிப்பை விடுவது மகள். தோழர்களே, இதை நாம் ஒளிக்காமல் பேச வேண்டும். வேலை பறித்தவன்மேல் வரவேண்டிய கோபத்தை வீட்டுப் பெண்மேல் காட்டுகிறவனுக்கு நமது சங்கத்தில் சலுகை கிடையாது. அதே சமயம் அவன் ஏன் இப்படி ஆனான் என்று பார்க்காமல் வெறுமனே உபதேசம் செய்வதாலும் பயன் கிடையாது.

மத்திய சர்க்காரின் குற்றப் பதிவுக் கணக்கு இருக்கிறது. 2022-ல் நாட்டில் 1,70,924 பேர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்கள் என்று அது சொல்லுகிறது. அவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். வேலையில்லாதவர் என்று தனியாகக் குறிக்கப்பட்டவர்கள் 15,000-க்கு மேல். ஒவ்வொரு சாவுக்கும் பல காரணம் இருக்கும். எல்லாவற்றுக்கும் வேலையின்மைதான் காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் சாவின் கணக்கில் தினக்கூலி இவ்வளவு முன்னால் நிற்கிறான் என்றால், அவன் வாழ்க்கையில் ஏதோ ஒன்று தாங்க முடியாததாக இருக்கிறது. யாராவது ஒருவர் "இனி என்ன இருக்கிறது" என்று பேச ஆரம்பித்தால் அதைச் சும்மா பேச்சு என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். தனியாக விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டுமென்றால் கூடப் போங்கள். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பதில் வெட்கம் இல்லையே, இதில் மட்டும் என்ன வெட்கம்?

வயலில் வேலையில்லாக் காலம்

பொன்னேரியிலிருந்து வந்திருக்கும் தோழர்கள் சிரிக்கக்கூடும். "ஆலைக்காரருக்கு என்றைக்கோ ஒரு நாள் கதவடைப்பு வருகிறது, எங்களுக்கு வருஷா வருஷம் கதவடைப்புத்தானே?" என்பார்கள். உண்மைதான். நடவுக்கு வேலை, களையெடுப்புக்கு வேலை. பிறகு கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டும். முன்பு அறுப்புக்காவது ஊரே வயலில் இறங்கும். இப்போது அறுப்பு மிஷின் வந்து, நூறு பேர் அறுத்ததை ஒரு பொழுதில் அறுத்துத் தள்ளிவிட்டுப் போகிறது. மிஷின்மேல் நமக்குப் பகை இல்லை. இடுப்பொடியும் வேலையை மிஷின் செய்யட்டும். ஆனால் மிச்சப்பட்ட கூலி யார் மடியில் விழுகிறது? அதுதான் கேள்வி.

2005-ல் கிராம வேலை உறுதிச் சட்டம் நிறைவேறியது. கிராமத்துக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 100 நாள் வேலை, கேட்டு 15 நாளில் கொடுக்காவிட்டால் படி என்று அதில் எழுதப்பட்டது. 100 நாளும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை; கூலி பாக்கி நின்றது; எல்லாம் உண்மை. ஆனாலும் ஏரிக்கரையில் மண் சுமந்த கிழவிகளைக் கேட்டுப் பாருங்கள். "பணம் கொஞ்சம்தான், ஆனா மகன் கையை எதிர்பார்க்காம வெத்திலை பாக்கு வாங்கினேன்" என்பார்கள். நாலு பேரோடு உட்கார்ந்து கஞ்சி குடித்ததைச் சொல்லுவார்கள். மரியென்தாலில் யஹோடா எழுதியதைத்தான் அந்தக் கிழவி சொல்லுகிறாள். வேலை கேட்பது சலுகை அல்ல, உரிமை என்று ஒரு சட்டம் எழுதியபோது, அந்த ஜனங்கள் நிமிர்ந்து நடந்தார்கள். எந்தப் பெயரில் எந்தத் திட்டம் வந்தாலும், அந்த உரிமை குறைகிறதா கூடுகிறதா என்பதை வைத்துத்தான் நாம் அதை எடை போட வேண்டும்.

சர்க்காரின் கணக்கு

2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையில் நாட்டில் வேலையில்லாதவர் 100-க்கு 3.2 பேர்தான் என்று மத்திய சர்க்கார் கணக்குச் சொன்னது. கேட்டால் ராமராஜ்யம் வந்துவிட்டது போலிருக்கிறது. அதே கணக்கில் 15 வயது முதல் 29 வயது வரையுள்ளவர்களை மட்டும் பாருங்கள்: 10.2 ஆகிறது.

எப்படி எண்ணுகிறார்கள்? வருஷக் கணக்கில், 30 நாள் ஏதாவது தொழில் செய்திருந்தாலும் வேலை உள்ளவர் பட்டியலில் இடம் பெறலாம். வாரக் கணக்கில், 7 நாளில் ஏதாவது ஒரு நாள் 1 மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். ஒரு மணி நேரம் மூட்டை தூக்கிவிட்டு ஆறு நாள் பட்டினி கிடந்தவனும் கணக்கில் வேலைக்காரன்! அந்தக் கணக்கெடுக்கும் சிப்பந்திமேல் நமக்குக் கோபம் இல்லை. உலகத்தில் பல நாடுகளிலும் இந்த அளவுகோல் உண்டு. வேலையின்மைப் படி கொடுக்கிற நாட்டில், வேலை கிடைக்கும்வரை ஒருவன் காத்திருக்க முடியும். நமது நாட்டில் சும்மா இருக்க ஏழைக்கு வசதி ஏது? அவன் எதையாவது தலையில் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கியவுடன் கணக்கிலிருந்து மறைந்துபோகிறான்.

இதற்கிடையில் சட்டத்திலும் கை வைத்தார்கள். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை மூட சர்க்கார் அனுமதி வேண்டும் என்று பழைய சட்டம் சொன்னது. 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அந்த 100-ஐ 300 ஆக்கியது. 299 பேர் குடும்பத்தின் நிம்மதியைக் கேட்பாரற்று உடைக்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம்.

எண்ணூரின் இரண்டு பயம்

எண்ணூர்க்காரனுக்கு ஒரு பயம் அல்ல, இரண்டு பயம். ஆலை மூடினால் சோறு போகும் என்ற பயம். ஆலை ஓடினால் மூச்சுப் போகும் என்ற பயம்.

2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு சேர்ந்து எண்ணெய் வந்து நமது முகத்துவாரத்தை மூடியது. வலை கெட்டது, படகு கெட்டது, இறால் செத்தது. மீனவத் தோழர்களே வாளியும் குவளையுமாக ஆற்றில் இறங்கி எண்ணெயை அள்ளினார்கள். மாநில சர்க்கார் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலைக்கு 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும், மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலைக்கு 7,500 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. எந்த ஆபீசரும் அந்த மீனவனை "வேலையில்லாதவன்" என்று எழுதவில்லை. அவனுக்கு மஸ்டர் ரோல் கிடையாது, ஆட்குறைப்பு நோட்டீஸ் கிடையாது. ஆற்றில் மீன் இல்லை, அவ்வளவுதான். கரையில் உட்கார்ந்து வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் முகமும், மரியென்தால் ஆண்களின் முகமும் ஒன்றுதான்.

அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பிறகு போராட்டம் நடந்தது, ஆலை நிறுத்தப்பட்டது. உடனே ஒரு பேச்சைக் கிளப்பினார்கள்: "குப்பத்துக்காரன் தொழிலாளி வயிற்றில் அடிக்கிறான்" என்று. இது யாருக்கு லாபமான பேச்சு? ஓட்டைக் குழாயைச் சரிபார்க்க வேண்டியது குப்பத்துக்காரனா? தொழிலாளியா? பாதுகாப்புக்குச் செலவு செய்ய வேண்டியவன் ஒதுங்கி நிற்க, பாதிக்கப்பட்ட இருவர் ஒருவரையொருவர் குறை சொல்லுவதா? மூச்சுவிடக்கூடிய ஆலை வேண்டும், அதில் நிலையான வேலையும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்கிற தைரியம் நமக்கு வேண்டும்.

இன்னொரு பேச்சும் டீக்கடைகளில் உலவுகிறது. "எல்லா வேலையையும் வடக்கத்தியான் கொண்டுபோய்விட்டான்" என்று. தோழர்களே, ஜெர்மனியில் 1932-ன் தொடக்கத்தில் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் நின்றார்கள். "உன் வேலையைப் பறித்தவன் பக்கத்து வீட்டு யூதன்" என்று ஒருவன் சொன்னான். 1933-ல் அவன் ஆட்சிக்கு வந்தான். பிறகு நடந்ததை உலகம் அறியும். பீகாரிலிருந்து வந்தவன் யார்? அவன் ஊரில் வேலை இல்லாததால் வந்தவன். தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்து, பெண்டாட்டி பிள்ளையைப் போனில் மட்டும் பார்க்கிறவன். 2020 மார்ச் ஊரடங்கில் நடந்தே ஊர் போனவன். அவனுக்குக் குறைந்த கூலி கொடுத்து, அதைக் காட்டி உன் கூலியையும் குறைக்கிறவன் ஒருவன் இருக்கிறானே, அவனைப் பார்க்க வேண்டாமா? ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றால் இந்தச் சண்டையே இல்லை.

நாம் செய்ய வேண்டியது

நிரந்தர வேலை, வேலையின்மைப் படி, மூடும் ஆலைக்குக் கட்டுப்பாடு, கிராமத்தில் வேலை உரிமை ஆகிய கோரிக்கைகளை நாம் விடப்போவதில்லை. ஆனால் அவை கிடைக்கிற நாள்வரை, இன்று வீட்டில் முடங்கிக் கிடக்கும் தோழர் காத்திருக்க முடியாது. ஆகவே நமது சங்கங்கள் சில காரியங்களை உடனே செய்ய வேண்டும்.

வேலை போனவரின் பெயரைச் சந்தா பாக்கிக்காக அடிக்கக் கூடாது. மறுபடி வேலை கிடைக்கும்வரை அவர் சந்தா இல்லாத உறுப்பினர்.

வேலை போன ஒரு வாரத்துக்குள் இருவர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பிராவிடண்ட் பண்டு, கிராஜுவிடி, ஆட்குறைப்பு நஷ்ட ஈடு, ஈ.எஸ்.ஐ. உதவி ஆகியவற்றில் எது அவருக்குச் சேர வேண்டியது என்று பார்த்து, மனு எழுதி, கூடவே போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். தனியாக ஆபீஸ் ஏறி இறங்குகிறவன் மூன்றாவது தடவை போக மாட்டான்.

அவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுக்க வேண்டும். தர்மத்துக்காக அல்ல. நிஜமாகவே நமக்குத் தேவையான பொறுப்பைக் கொடுக்க வேண்டும்.

பெண்களின் பேச்சுக்கும் கூட்டத்தில் இடம் வேண்டும். வீட்டில் உலை ஏறாததை முதலில் அறிகிறவர்கள் அவர்கள்தான்.

"சோம்பேறி", "உருப்படாதவன்" என்ற வார்த்தைகளை நமது வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆலையை மூடியவன் வெட்கப்படவில்லை. வேலை போனவன் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அந்தத் தோழரின் கதையை முடிக்கவில்லையே! ஒரு வருஷம் கழித்து நாம் அவர் வீட்டுக்குப் போனோம். தாமதமாகத்தான் போனோம், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் எழுந்து நிற்கவில்லை. "பெயரை அடிச்சிட்டீங்களாமே" என்றார். நாம் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் மனைவி டீ கொடுத்தார். சர்க்கரை இல்லாத டீ. வெகு நேரம் கழித்து, "நம்ம படிப்பகத்தைக் காலையில் திறக்க ஆள் இல்லை. ஆறு மணிக்குத் திறக்கணும், பேப்பர் வந்துவிடும்" என்று சாவியை எடுத்து வைத்தோம். அவர் சாவியை அன்று எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து வாங்கிக்கொண்டார்.

இப்போது ஆறு மணிக்குப் படிப்பகம் திறந்துவிடுகிறது. அவருக்கு நிரந்தர வேலை இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்த நாளில் பெயிண்ட் அடிக்கிறார், மூட்டை தூக்குகிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் பொய் சொல்லத் தயாராக இல்லை. ஆனால் தெருவில் நம்மைக் கண்டால் சந்தில் திரும்புவதில்லை. ரிஜிஸ்டரில் அவர் பெயரை மறுபடி எழுதியிருக்கிறோம். பழைய கோடும் அதே பக்கத்தில் இருக்கிறது. அதை நாம் அழிக்கவில்லை. நமக்கு நினைவிருக்கட்டும் என்று விட்டு வைத்திருக்கிறோம்.

தோழர்களே! கூட்டம் முடிந்து நீங்கள் வீட்டுக்குப் போகும் வழியில், முன்பு நம்மோடு வந்து இப்போது வராத ஒருவர் வீடு இருக்கும். கதவைத் தட்டுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். இன்றைக்கே தட்டுங்கள்.